விசை போகும் வழி

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரள எல்லையைத் தாண்டும் வண்டிகள். அவற்றில் சில, ஓட்டுநரைவிட வயதில் மூத்தவை. வில்லிஸ் நிறுவனம் அமெரிக்காவில் 1953-ல் கொண்டுவந்த சிஜே3பி என்ற மாதிரி அங்கே 1968-ல் நின்றுபோனது. இங்கே மஹிந்திரா அதை அதற்குப் பிறகும் பல்லாண்டு காலம் செய்து விற்றது. அடுத்து பெஜோ டீசல் எஞ்சினோடு எம்எம்540 வந்தது. மூக்கும் முகமும் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. இரண்டு நீளச் சட்டங்கள், நான்கு மூலையிலும் கமான் பட்டை, முன்னும் பின்னும் கனத்த ஆக்ஸில். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஒரு ஸ்பேனர் செட், ஒரு ஜாக்கி, ஒரு கிரீஸ் கன், கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம்.

கழற்றிப் பூட்ட முடிகிற பொருளை மாற்றியமைக்கவும் மனம் தூண்டும். பழைய ஜீப் வாங்கியவர்கள் எந்த வரிசையில் செலவு செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். முதலில் பெரிய டயர். அந்த டயர் உரசாமல் இருக்க வண்டியை உயர்த்துவது. பிறகு விளக்குகள், முன்னால் ஒரு கனத்த பம்பர். எஞ்சினை மாற்றுவதும் உண்டு. பிரேக்கின் முறை கடைசியில்தான் வரும், வந்தால். இந்த வரிசை தலைகீழ் என்பது என் முடிவு. காரணம் ரசனை அல்ல, இயற்பியல். ஒரு வண்டியில் விசை ஓரிடத்தில் பிறந்து, பல உறுப்புகள் வழியே கடந்து, கடைசியில் டயர் தரையைத் தொடும் உள்ளங்கையளவு பரப்பில் போய் முடிகிறது. வழியில் ஓரிடத்தைப் பலப்படுத்தினால், பளு அடுத்த பலவீனமான இடத்துக்கு நகரும். அந்த அடுத்த இடம் எது என்று தெரிந்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

முதலில் எஞ்சின் ஆசையை ஆறப்போடுவோம். சிஜே3பி-யின் முதல் கியர் விகிதம் 2.80. பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டால் இன்னொரு 2.46. ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியனில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது. எஞ்சின் 37 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். அதற்கு ஈடாக, எஞ்சின் தரும் முறுக்குவிசை 37 மடங்காகிறது. ஹரிக்கேன் என்று பெயர் வைத்த அந்த 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தருவது ஏறக்குறைய 150 நியூட்டன் மீட்டர். இன்றைய சின்னக் கார்களே அதை எட்டிவிடுகின்றன. ஆனால் 37-ஆல் பெருக்கிப் பாருங்கள், 5,550. டயரின் ஆரம் 36 சென்டிமீட்டர் என்று கொண்டால், தரையில் கிடைக்கும் தள்ளுவிசை 15,000 நியூட்டனைத் தாண்டுகிறது. பல்சக்கரங்களின் உராய்வில் ஒரு பங்கு போனாலும், அது அந்த ஜீப்பின் எடையைவிட அதிகம். வெறும் வண்டி ஏறக்குறைய ஒரு டன்தான்.

ஒரு வண்டி தன் எடையைவிட அதிக விசையோடு தன்னைத் தள்ள முயன்றால் என்ன நடக்கும்? டயர் வழுக்கும். மண்ணிலும் சரளையிலும் டயரின் பிடிப்பு வண்டியின் எடையில் பாதியளவு கிடைத்தாலே பெரிது. ஆக, பல பத்தாண்டுகளுக்கு முந்தைய எஞ்சினே டயரால் தாங்க முடியாத விசையைத் தருகிறது. மேட்டில் ஜீப் ஏறவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் எஞ்சின் மேல் இல்லை. தேய்ந்த டயர், அதிகக் காற்று, தவறான கியர், லோ போடத் தெரியாத ஓட்டுநர் என்று காரணம் வேறெங்கோ இருக்கும். அதே 37-க்கு இன்னொரு பயனும் உண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் மெதுவாக ஓடும்போது சக்கரம் 16 சுற்றுதான் சுற்றும். மணிக்கு 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கூட நடந்து வருபவர் முந்திவிடுவார். பாறை மேல் டயரை வைத்து இறக்குவதற்கு அந்த வேகமே சரி.

ஜாக்கி போடுவதில் இருக்கும் ஓர் ஆபத்தைப் பற்றி எத்தனை கையேடு சொன்னாலும் போதாது. பழைய சிஜே வகை ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின்பக்க ஷாஃப்ட் புறப்படும் இடத்தில் தனியாக ஒரு டிரம் இருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் அது ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கியதும் கதை மாறிவிடும். ஷாஃப்டுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும், ஒரு சக்கரம் முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சுற்ற டிஃபரன்ஷியல் தடை சொல்லாது. அதன் பிறவிக் குணமே அதுதான். அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தைத் தடுக்க எதுவும் இல்லை. அது பின்னோக்கிச் சுழலச் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் உருண்டு ஜாக்கியைச் சாய்த்துவிடும். கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். ஃபோர் வீலில் போடாமல் கியரில் மட்டும் நிறுத்தினால் பிடிபடுவது அதே பின் ஷாஃப்ட்தான்.

ஆகவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். செங்கல் வேண்டாம், பளு ஏறினால் பிளக்கும். வண்டிக்கு அடியில் படுக்கும் வேலையென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் சட்டத்துக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். இன்னொன்று. வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை வெட்டியிருக்கும். தெரியாமல் வழக்கமான திசையில் குழாய் மாட்டித் திருகித் திருகி போல்ட்டையே முறித்தவர்கள் உண்டு. வரவில்லை என்றால் மேலும் பலம் போடுவதற்கு முன் மரை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பாருங்கள்.

இனி பிரேக். போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,000 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஜீப் அந்த உயரத்தை இழக்கும்போது விடுபடும் ஆற்றல் 1,500 x 9.8 x 1,000, அதாவது கிட்டத்தட்ட 1.5 கோடி ஜூல். வண்டி வேகம் பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறி எங்காவது போயாக வேண்டும். சாதாரணத் தண்ணீரில் 44 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. காற்றும் டயரும் சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி, ஓட்டுநர் எந்தக் கியரில் இறங்குகிறார் என்பதைப் பொறுத்தது. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினின் உள் உராய்வும் காற்றை உறிஞ்சித் தள்ளும் வேலையும் அதில் பெரும்பங்கை விழுங்கி, ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியே அனுப்பிவிடும். டீசல் மிச்சம் பண்ணுகிறேன் என்று நியூட்ரலில் இறக்கினால் அத்தனையும் நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்கள் தலையில்.

டிரம் சூடானால் இரண்டு விஷயம் நடக்கிறது. இரும்பு விரிகிறது. டிரம் விரிந்தால் உள்ளே இருக்கும் ஷூவிலிருந்து விலகிப் போகும். பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். டிஸ்க் பிரேக்கில் வட்டு சூடானால் பேடை நோக்கி விரியும் என்பதால் இந்தக் குறை இல்லை. இரண்டாவது, மோசமானது. வெப்பம் லைனரைத் தாண்டி, வீல் சிலிண்டரைத் தாண்டி, பிரேக் ஆயிலுக்குள் போகிறது. ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. கிளைக்கால் என்ற வேதிப்பொருளின் வழிவந்த திரவம். அதற்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். நான்கு சதவீதத்துக்கும் குறைவான நீர் கலந்துவிட்டாலே அது 140 வரை இறங்கிவிடலாம். டாட் 4-க்கு இதே கணக்கு 230-லிருந்து 155. நீண்ட இறக்கத்தில் வீல் சிலிண்டர் அந்த வெப்பத்தை எட்டிவிடும். திரவம் கொதித்துக் குமிழி வந்த கணம், பெடலை மிதித்தால் அமுங்குவது குமிழிதான். ஷூ நகராது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். மொத்த ஹைட்ராலிக் பிரேக்கும் அந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றுவது, எந்த உபரிப் பாகத்தையும்விட மலிவான மேம்பாடு. வீட்டிலேயே செய்யலாம். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி, ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் பிளீடர் நிப்பிளைத் திறந்து மூடி, குழாயின் மறுமுனையைப் பழைய திரவம் இருக்கும் பாட்டிலில் மூழ்க வைத்து, குமிழி நின்று புதுத் திரவம் வரும்வரை எடுக்க வேண்டும். இடையில் மேலே இருக்கும் டப்பா வறண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீல் சிலிண்டரைக் கழுவ டீசலோ பெட்ரோலோ வேண்டாம். அந்தச் சிலிண்டரின் ரப்பர் கப் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் தவறு இது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் மூட்டை கட்டிப் போட்டுவிடுங்கள்.

மாற்றம் செய்துதான் ஆக வேண்டும் என்றால் முதல் பணத்தை மாஸ்டர் சிலிண்டரில் போடுங்கள். பழைய ஜீப்பில் ஒரே அறை. நான்கு சக்கரத்துக்கும் அதிலிருந்தே குழாய் போகிறது. ஏதோ ஒரு சக்கரத்தில் ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போச்சு. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு அறை கொண்ட சிலிண்டர் போட்டால், ஒன்று செத்தாலும் மற்றது நிறுத்தும். முன்பக்கம் டிஸ்க் பொருத்துவது அடுத்தபடி. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. டிரம் சுற்றும்போது முன்னால் இருக்கும் ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். ஓட்டுநரின் கால் தராத பலத்தை டிரம்மே தருகிறது. டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை. அதே பெடல், அதே சிலிண்டரோடு டிஸ்க்கை மட்டும் மாட்டினால் மிதிக்கும் கால் வலிக்கும். அதனால் வேக்கும் பூஸ்டர் தேவை. டீசல் எஞ்சினிலோ பெட்ரோல் எஞ்சினைப் போல வெற்றிடம் தானாகக் கிடைக்காது, அதற்கொரு பம்ப் வேண்டும். பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகில் அது ஒட்டியிருக்கும். டிஸ்க்கில் தொடங்கிய வேலை ஆல்டர்னேட்டர் வரை போய்விட்டதைக் கவனித்தீர்களா?

பெரிய டயர் விஷயத்துக்கு வருவோம். தோற்றத்துக்காகவே முக்கால்வாசிப் பேர் போடுகிறார்கள், அதில் தப்பில்லை, அழகாகத்தான் இருக்கிறது. 72 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயருக்குப் பதில் 79 போட்டால் அதிகமாவது ஏறக்குறைய 10 சதவீதம். ஆக்ஸிலின் மேடு தரையிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் உயரும், அது உண்மையான லாபம். இழப்பைக் கணக்கிடுங்கள். 37 என்ற நம் விகிதம் நடைமுறையில் 34 ஆகிவிடுகிறது. ஸ்பீடோமீட்டர் ஷாஃப்டின் சுற்றைத்தான் எண்ணுகிறது, டயரை அது பார்ப்பதில்லை. அதனால் முள் 60 காட்டும்போது உண்மையான வேகம் 66. வேகம் 10 சதவீதம் கூடினால் இயக்க ஆற்றல் 21 சதவீதம் கூடும். அதே சமயம் டிரம் தரும் அதே முறுக்குவிசை, நீண்டுவிட்ட ஆரத்தின் காரணமாகத் தரையில் 9 சதவீதம் குறைந்த விசையைத்தான் தரும். இரண்டையும் சேர்த்தால், அதே அழுத்தத்தில் பெடலை மிதிக்கும்போது வண்டி நிற்க எடுக்கும் தூரம் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகிறது. டயரின் கூடுதல் எடையை இதில் சேர்க்கவே இல்லை. ஓட்டுநர் மாறவில்லை, பிரேக் மாறவில்லை, சாலை மாறவில்லை. வெறும் டயர்.

டயர் உரசுகிறது என்று வண்டியை உயர்த்தினால் பளு இன்னொரு பக்கம் போகும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸ் என்று மெக்கானிக்குகள் சொல்லும் இணைப்பு இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயராலும் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ஹூக்கின் பெயராலும் வழங்கும் இந்த இணைப்புக்கு ஒரு விசித்திரம் உண்டு. சாய்வாகச் சுற்றும்போது, உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போவது சீராக இராது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். சாய்வு 10 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். 20 டிகிரி என்றால் ஆறு சதவீதம். சாய்வு இரண்டு மடங்கு, கோளாறு நான்கு மடங்கு. ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் கிராஸ் அதே கோணத்தில் இருந்தால் இந்தக் கோளாற்றைத் திருப்பிச் சரி செய்துவிடும். இரண்டு கோணமும் ஒத்துப்போகாவிட்டால் மிச்சமிருப்பது அதிர்வு. 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கு அருகில் சுற்றுகிறது. அதிர்வு நொடிக்கு ஏறக்குறைய 80 முறை. கிராஸின் ஊசி பேரிங்குகள் அதை நெடுநாள் பொறுக்காது. உயர்த்தினால் ஆக்ஸிலின் கோணத்தையும் ஆப்பு வைத்துத் திருத்த வேண்டும் என்பது இதனால்தான்.

கமான் பட்டையைப் பொறுத்தவரை பலருக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும். ஒரே தடிமனில் இரண்டு பட்டைகளை அடுக்கினால், அவை ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும்வரை விறைப்பு இரண்டு மடங்கு. இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிட்டால் எட்டு மடங்கு. பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி இறுகிய பழைய ஜீப் ஏன் இடுப்பை ஒடிக்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. புதிய ஷாக் அப்சார்பர் வாங்குவதற்கு முன், பட்டைகளைக் கழற்றி, துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் பூசி மாட்டிப் பாருங்கள். அரை நாள் வேலை, கை கறுக்கும், செலவு சில நூறு ரூபாய்.

எண்ணெய்கள் பற்றிச் சுருக்கமாக. ஆக்ஸிலில் பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டே சறுக்குகின்றன. அங்கே ஜிஎல்5 தரம் வேண்டும். கியர்பாக்ஸில் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. ஜிஎல்5-இல் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள் சில பித்தளையை அரிக்கும் என்பதால் அங்கே ஜிஎல்4. ஒரே டப்பாவை வாங்கி இரண்டிலும் ஊற்றுவது சிக்கனம் இல்லை. கியர் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஃபோர் வீல் கியரைக் காய்ந்த தார் ரோட்டில் போடாதீர்கள். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இந்த வண்டிகளில் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறோம். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது, முறுக்கு ஷாஃப்டுக்குள் சேரும். கியரை எடுக்கவே வராமல் லீவரோடு மல்லுக்கட்டுபவர்கள் வண்டியைக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் போதும்.

விளக்கு மங்கல் என்பது எல்லாப் பழைய ஜீப்புக்காரர்களின் புகார். உடனே எல்இடி வாங்கப் போகிறார்கள். முதலில் ஹெட்லைட் பல்பின் முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பத்தரை வந்துகொண்டிருக்கும். இரண்டு 60 வாட் பல்புகள் 10 ஆம்பியர் இழுக்கின்றன. பழைய சுவிட்சு, துருவேறிய எர்த் முனை, மெலிந்த ஒயர் எல்லாம் சேர்ந்து 0.15 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் போய்விடும். இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தைவிட மிக வேகமாக விழும். ஒன்றரை வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், நடுவே ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, சட்டத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய இடத்தில் எர்த். அதே பல்பு புதிதாய் எரியும். இழை பல்புக்காக வடித்த குழியாடியில் எல்இடி செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணைத்தான் கூசச் செய்யும்.

துருவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், இங்கே ஒன்று மட்டும். வெளியே தெரியும் துருவுக்குப் பெயிண்ட் அடித்துத் திருப்தி அடையாதீர்கள். சட்டத்தில் உள்ளே கூடாக இருக்கும் பகுதியும் உண்டு. ஓடையில் இறங்கி ஏறிய சேறு அதற்குள் தங்கி ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைக்கிறது. கீழே இருக்கும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, குழாய்த் தண்ணீரால் உள்ளே கழுவி, வெயிலில் காயவிடுங்கள். சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீர் என்ற ஓசை எந்த இடத்தில் மந்தமாகிறதோ அங்கே தகடு மெலிந்திருக்கிறது. ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டிய இடமும் பட்டையின் ஷேக்கிள் தொங்கும் இடமும் அப்படி ஒலித்தால், வெல்டிங் தெரிந்தவரைக் கூப்பிடும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கடைசியாகச் சட்டம், இது இரும்புச் சட்டம் அல்ல. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களோடு ஆர்.சி. முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எஞ்சின் மாற்ற முன் அனுமதி வேண்டும். சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்தியாக வேண்டும். இரும்புச் சட்டத்தை வெட்டுவது, எஞ்சின் மாற்றுவது, வண்டியின் உயர அகலத்தை மாற்றுவது போன்ற எதையும் தொடங்கும் முன், ஆர்.சி. புத்தகத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். பிரேக் ஆயில் மாற்றுவதற்கு மட்டும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.